பழைய அலமாரியா? முதலில் டிராயரை உருவிப் பாருங்கள்! – வாசகர் கேள்வி பதில்

பழைய மர அலமாரி, பீரோ, டிராயர் பெட்டி பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், சொல்கிற விதம்தான் வேறு: ஏமாறாமல் வாங்குவது எப்படி? அதிலிருந்தே தொடங்கிவிடலாம்.

கேள்வி: நூறு வருடப் பழசு என்று ஓர் அலமாரியைக் காட்டுகிறார்கள். பார்த்தால் பழசாகத்தான் தெரிகிறது. ஆனால் புது மரத்தையே சங்கிலியால் அடித்து, சாயம் பூசிப் பழசாக்கி விற்கிறார்களாமே? எதைப் பார்த்து நம்புவது?
– புது வீட்டுக்குக் குடிபோகும் வாசகர்

பதில்: முகப்பைப் பார்த்து எதையும் நம்ப வேண்டாம். ஏமாற்ற நினைப்பவர் மெனக்கெடுவதெல்லாம் அங்கேதான். ஒரு டிராயரை முழுசாக வெளியே உருவி, கவிழ்த்துப் போட்டு, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முன்பலகையும் பக்கப் பலகையும் சேரும் மூலையில் புறாவின் வால் போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும், தச்சர்கள் டவ்டெயில் என்று சொல்வது அதைத்தான். கையால் வெட்டியதென்றால் பற்கள் குறைவாக இருக்கும், ஒன்று கொஞ்சம் அகலம், இன்னொன்று கொஞ்சம் ஒடிசல் என்று இருக்கும், வெட்டுவதற்கு முன்னால் அளவுக்காகக் கீறிய கோடு பக்கப் பலகையில் இன்னமும் தெரியும், சில இடங்களில் ரம்பம் அந்தக் கோட்டை மயிரிழை தாண்டிக்கூடப் போயிருக்கும். எல்லாப் பல்லும் துல்லியமாக ஒரே அளவில் இருந்தால் எந்திரம் வெட்டியது, அதாவது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலோ அதற்கு அப்புறமோ செய்தது. அபூர்வமாக, பல்லுக்குப் பதில் அரைவட்டங்களும் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சின்ன வட்டக் குச்சியுமாக ஒரு மூட்டு கண்ணில் படலாம். அது அமெரிக்காவில் நாப் என்பவர் கண்டுபிடித்த எந்திர மூட்டு. 1870களில் புழக்கத்துக்கு வந்து 1900 வாக்கில் வழக்கொழிந்துவிட்டதால், அந்த ஒரு மூட்டே பெட்டியின் வயதைச் சொல்லிவிடும்.

அடுத்தது திருகாணி. கூட்டல் குறி போட்ட தலை 1930களில்தான் சந்தைக்கு வந்தது. அதனால் 19ஆம் நூற்றாண்டுப் பெட்டி என்று சொல்லப்படும் ஒன்றில் கூட்டல் குறித் திருகாணி இருந்தால் உடனே பொய் என்று சொல்லிவிட முடியாது, நடுவில் யாராவது கீலை மாற்றியிருப்பார்கள். ஆனால் எல்லாத் திருகாணியும் அப்படியே இருந்து, பழைய துளையின் தடயமும் எங்கேயும் இல்லையென்றால் யோசிக்க வேண்டியதுதான். ஆணியும் அப்படித்தான். இன்று நாம் பார்க்கும் வட்டத் தலைக் கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பரவலானது, அதற்கு முந்தியது பெரும்பாலும் சதுர வாக்கில், தலை கோணல்மாணலாக இருக்கும்.

பின்பலகையில் ரம்பத் தடத்தைத் தேடுங்கள். நேர்கோடுகள் என்றால் ஆளோ, மேலும் கீழும் ஓடும் ரம்பமோ அறுத்ததாக இருக்கலாம், வில் மாதிரி வளைந்த கோடுகள் என்றால் வட்ட ரம்பம், அது 19ஆம் நூற்றாண்டில் பரவியது. முதுகுப் பலகைக்கு அந்தக் காலத்தில் யாரும் பாலிஷ் போட்டதில்லை, வெறும் மரம் காற்று பட்டு வறண்டு கறுத்திருக்க வேண்டும். டிராயரின் பக்கங்கள் உள்ளேயே அடைபட்டுக் கிடந்ததால் முதுகை விட வெளுத்திருக்கும். முதுகு, அடி, டிராயரின் உட்புறம் எல்லாமே ஒரே பழுப்பில், ஒரே சீராக இருந்தால் அது வயது இல்லை, சாயம்.

கடைசியாகத் தேய்மானம். கை படும் இடம், கால் இடிக்கும் இடம், டிராயர் ஓடும் அடிவிளிம்பு, இங்கெல்லாம்தான் தேய வேண்டும். யாருடைய கையும் போகாத மேல் மூலையில் அடிபட்ட பள்ளமும், தினமும் பிடித்து இழுத்திருக்க வேண்டிய குமிழைச் சுற்றித் துளியும் தேயாத பலகையும் இருந்தால் சங்கிலி வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். பூச்சித் துளையைக்கூடப் போலியாகப் போடுகிறார்கள்! மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள், நேராக ஒரே நீளத்துக்குப் போனால் டிரில் போட்டது. புழு நேராகத் தின்னாது.

கேள்வி: ஆன்டிக், விண்டேஜ் என்று இரண்டு விதமாகச் சொல்கிறார்களே, எது எத்தனை வயது?
– கல்லூரி மாணவி

பதில்: ஆன்டிக் என்றால் குறைந்தது நூறு வயது, பல நாடுகளின் சுங்கத் துறையும் இந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறது. விண்டேஜுக்கு அப்படிக் கறாரான எல்லை இல்லை, ஏதோ ஒரு காலத்தின் பாணியைத் தெளிவாகக் காட்டும் இருபது, முப்பது வயதுப் பொருளிலிருந்து நூறை எட்டாத எல்லாவற்றையும் அதில் சேர்த்துவிடுகிறார்கள். நீங்கள் புத்தகமும் துணியும் வைக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இதைப் பற்றி ரொம்பக் கவலைப்படத் தேவையில்லை. 1950, 60களில் செய்த நல்ல தேக்கு அலமாரி, நூற்றைம்பது வயதான நொண்டி அலமாரியை விட வீட்டுக்கு நூறு மடங்கு பிரயோசனம்.

கேள்வி: எனக்குப் பிடித்த கண்ணாடி அலமாரியின் மேல்பாகமும் கீழ்ப்பாகமும் வேறு வேறு பெட்டியிலிருந்து எடுத்துச் சேர்த்தது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது மோசடியா? வாங்கலாமா, கூடாதா?
– புத்தகப் பிரியர்

பதில்: நண்பருக்குக் கண் கூர்மை. இரண்டு அடுக்கு அலமாரிகளில் இது சர்வசாதாரணம், ஒன்றின் கால் போயிருக்கும், இன்னொன்றின் தலை போயிருக்கும், இருப்பதை இருப்பதோடு சேர்த்துவிடுவார்கள். முதுகைப் பாருங்கள்: மேலும் கீழும் பலகை ஒரே மரமா, ஒரே திசையில் போகிறதா, ஒரே விதமாக அறுத்ததா? மேல்பெட்டி உட்காரும் இடத்தில், கீழ்ப்பெட்டியின் தலைப்பலகை பாலிஷ் இல்லாத வெறும் மரமாக இருக்க வேண்டும். யாரும் பார்க்கப் போகாத இடத்துக்குத் தச்சர் எதற்கு மினுக்க வேண்டும்? அங்கே பளபளவென்று பாலிஷ் இருந்தால் அது தனியாக நிற்கப் பிறந்த பெட்டி.

சேர்த்தது என்பதைச் சொல்லி, அதற்கேற்ற விலையில் கொடுத்தால் அது மோசடி ஆகாது. சொல்லாமல் முழுப் பெட்டி விலை கேட்டால் மோசடிதான். சேகரிப்பவர்கள் இதைத் தொட மாட்டார்கள், ஆனால் உங்களுக்குப் புத்தகம் அடுக்கத்தானே வேண்டும், இரண்டு பாகமும் உறுதியாக இருந்து, பார்க்கவும் பொருந்தி, விலையும் குறைந்தால் நான் தயங்க மாட்டேன். இன்னொரு விஷயம், பழைய மரத்தை உடைத்துப் புதுசாகச் செய்த அலமாரிகளும் நிறைய வருகின்றன. பலகையின் மேல்பரப்பில் புழு தின்ற பாதை நீளவாக்கில் வாய்க்கால் போலத் திறந்து கிடந்தால், புழு தின்ற பிறகு அந்த மரத்தை அறுத்திருக்கிறார்கள் என்று பொருள். புழு மேல்தோலுக்கு அடியில்தான் சுரங்கம் போடும், பரப்பில் வெறும் வட்டத் துளைதான் விடும்.

கேள்வி: ஆசை ஆசையாக வாங்கி வந்த பீரோவுக்கு அடியில் தினமும் மாவு மாதிரித் தூள் கொட்டுகிறது. சின்னச் சின்னத் துளைகளும் இருக்கின்றன. வீட்டில் மற்ற மரச் சாமான்களுக்கும் பரவிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கறையானா?
– கவலையில் இருக்கும் இல்லத்தரசி

பதில்: அனேகமாகக் கறையான் இல்லை. மண்ணில் வாழும் கறையான் இப்படிச் சுத்தமான வட்டத் துளை போட்டுத் தூளை வெளியே தள்ளாது, மண்ணில் குழாய் கட்டிக்கொண்டு வரும், உள்ளே அடுக்கடுக்காகத் தின்றுவிட்டு மேலே தாள் அளவுக்கு மட்டும் மிச்சம் வைக்கும். உங்களுடையது மர வண்டு. மாவு போல வழுவழுவென்ற தூளும், ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் துளையும் என்றால் மாவு வண்டு எனப்படும் வகை, விரலில் தேய்த்தால் நறநறவென்றால் அறைகலன் வண்டாக இருக்கலாம்.

நாம் பார்க்கிற துளை, வண்டு உள்ளே போன வழி அல்ல, வெளியே போன வழி. தின்றதெல்லாம் அதன் புழு, அது மாதக் கணக்கில், சில வகைகளில் வருடக் கணக்கில் உள்ளேயே இருந்து தின்று, வளர்ந்து, வண்டாகித் துளை போட்டு வெளியே பறந்துவிடும். அதனால் துளை இருக்கிறது என்பதற்காகவே ஒரு பெட்டியை ஒதுக்க வேண்டியதில்லை, ஐம்பது வருடம் முன்னால் காலி செய்துவிட்டுப் போன வீடாகவும் இருக்கலாம். பழைய துளையின் வாய் மற்ற மரத்தைப் போலவே கறுத்து, ஓரம் மழுங்கி இருக்கும். புதுத் துளையின் உட்புறம் வெளுப்பாக, ஓரம் கூர்மையாக இருக்கும். உங்களுக்குத் தினமும் தூள் கொட்டுவதால் அனேகமாக உயிரோடுதான் இருக்கிறது, ஆனாலும் நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் பழைய துளையில் தங்கிய தூளும் கதவைத் திறந்து மூடும் அதிர்வில் உதிரும். தூளைச் சுத்தமாக உறிஞ்சி எடுத்துவிட்டு, அடியில் கறுப்புத் தாள் விரித்து, துளைகள் மேல் மெல்லிய தாளை ஒட்டிவிடுங்கள். பீரோவை யாரும் அசைக்காமலேயே தூள் புதிதாக விழுந்தாலோ, கோடைப் பருவம் கடந்ததும் தாளில் ஓட்டை விழுந்திருந்தாலோ சந்தேகமே வேண்டாம்.

அதுவரை பீரோவை மற்ற மரச் சாமான்களிலிருந்து தள்ளி வையுங்கள். டிராயர் போன்ற சிறு பாகங்களைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, −18 டிகிரி அல்லது அதற்குக் கீழே போகும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் முட்டை முதல் வண்டு வரை செத்துவிடும், அருங்காட்சியகங்களிலும் உறைய வைத்துத்தான் பூச்சியைக் கொல்கிறார்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரித்துவிடாதீர்கள், அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுங்கள், இல்லையென்றால் மரம் வியர்க்கும். முழு பீரோவுக்கு இது நடக்காது. அதற்குத் தொழில்முறைப் பூச்சி மருந்துக்காரரைத்தான் கூப்பிட வேண்டும், மரத்தின் நடுப்பகுதி வரை 55 டிகிரிக்கு மேல் சூடாக்கும் முறையும் இருக்கிறது, வாயு சிகிச்சையும் இருக்கிறது. துளை ஒவ்வொன்றிலும் ஊசியால் மண்ணெண்ணெய் விடுவது பற்றிக் கேட்காதீர்கள், தீப்பிடிக்கும் பொருளைப் பீரோவுக்குள் ஊற்றி அதில் துணி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பரவுமா என்றால், பரவலாம், ஆனால் எதற்கும் பரவாது. மாவு வண்டுக்கு மாவுச்சத்து வேண்டும், அது மரத்தின் வெளிச்சுற்றில் இருக்கும் வெளுத்த பகுதியில்தான் இருக்கிறது. வைரம் பாய்ந்த தேக்கை அது தின்பதில்லை. தேக்கு பீரோ என்று வாங்கியதில் தினமும் தூள் கொட்டுகிறது என்றால் ஒன்று, அதில் வெளுத்த மரம் நிறையக் கலந்திருக்கிறது, அல்லது அது தேக்கே இல்லை.

கேள்வி: தட்டிப் பார்த்தால் முழு மரம் இல்லை, மேலே வெனீர் என்கிற மெல்லிய மரத் தகடு ஒட்டியது என்று தெரிகிறது. வெனீர் என்றாலே மட்டம்தானே?
– மர வேலையில் ஆர்வமுள்ள வாசகர்

பதில்: இல்லவே இல்லை. 18ஆம் நூற்றாண்டின் மிகச் சிறந்த அலமாரிகள் பல வெனீர் வேலைதான். அழகான ரேகை ஓடும் மரம் கிடைப்பது அரிது, அது பலகையாகப் போட்டால் வளையும், அதனால் சாதாரண மரத்தில் உடம்பைச் செய்து மேலே அதை ஒட்டினார்கள். அன்றைக்கு ரம்பத்தால் அறுத்த வெனீர் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்கும், இன்றைய எந்திர வெனீர் அரை மில்லிமீட்டரைச் சுற்றித்தான். உடைந்த ஓரத்தில் தடிமனைப் பார்த்தாலே ஓரளவு வயது தெரிந்துவிடும்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. கட்டை மரமோ நல்ல பிளைவுட்டோ என்றால் சரி. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்றால், அது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலானது, தண்ணீர் பட்டு ஒரு தடவை உப்பிவிட்டால் எந்தத் தச்சராலும் பழையபடி ஆக்க முடியாது. காலடியைத் தடவிப் பாருங்கள், உப்பல் அங்கேதான் முதலில் தெரியும்.

ஒரு சௌகரியம் சொல்கிறேன். பழைய வெனீரை ஒட்டியது பெரும்பாலும் விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய வஜ்ஜிரம். அது சூடும் ஈரமும் பட்டால் மறுபடி இளகும். ஓரம் கிளம்பியிருந்தால் ஈரத் துணி போட்டு, மிதமான இஸ்திரிப் பெட்டியை லேசாக வைத்து, மேலே கனம் ஏற்றி ஓர் இரவு விட்டால் பல நேரங்களில் அதுவே ஒட்டிக்கொள்ளும். மேலே இருக்கும் பாலிஷ் வெளுத்துப்போக வாய்ப்பு உண்டு, அதனால் முதலில் கண்ணில் படாத ஓரத்தில் செய்து பாருங்கள்.

கேள்வி: கறுத்து அழுக்கேறிய அலமாரி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுசு மாதிரி ஆக்கிவிடலாமா?
– விடுமுறையில் இருக்கும் வாசகர்

பதில்: தயவுசெய்து வேண்டாம்! நூறு வருட வெயிலும் கையும் சேர்ந்து ஏற்றிய நிறத்தை ஒரு மதியத்தில் தூளாக்கிவிடுவீர்கள், வெனீர் என்றால் அதையும் சேர்த்து. முதலில் மென்மையான துணியை லேசாக நனைத்து, ஒரு சொட்டு மிதமான சோப்பு விட்டு, நன்றாகப் பிழிந்து, சின்ன இடத்தில் துடைத்துப் பாருங்கள், உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பாதிக் கறுப்பு வெறும் அழுக்கும் பழைய மெழுகுமாகத்தான் இருக்கும், அது போனாலே உள்ளே இருக்கும் ரேகை வெளியே வந்துவிடும்.

அப்புறமும் திருப்தி இல்லை என்றால், என்ன பூச்சு என்று கண்டுபிடியுங்கள். பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு மறைவான இடத்தில் வையுங்கள், சில நொடிகளில் பிசுபிசுவென்று இளகினால் அது அரக்குப் பாலிஷ். அரக்கின் அருமையே அதுதான், பழைய பூச்சு மேலேயே புதுப்பூச்சு கரைந்து கலக்கும், சுரண்டி எடுக்கத் தேவையே இல்லை. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லாக்கர் தின்னருக்கு மட்டும் இளகினால் 1920களுக்குப் பிந்திய லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லையென்றால் அனேகமாகப் பாலியூரித்தேன், பிற்காலத்தில் யாரோ பூசியது.

பெயின்ட் அடித்த பழைய அலமாரி என்றால் கதையே வேறு. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் வாய்ப்பு அதிகம், அமெரிக்காவே 1978இல்தான் வீட்டுப் பெயின்ட்டிலும் அறைகலன் பெயின்ட்டிலும் அதைத் தடை செய்தது. அதை உலர்வாகத் தேய்த்தால் ஈயத் தூள் வீடெல்லாம் படியும், தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அது விஷம். ஈயச் சோதனை செய்து பார்த்து, இருக்கிறது என்றால் அதற்கான பயிற்சி உள்ளவரிடம் விடுங்கள், அல்லது பழைய பெயின்ட் உரியாமல் இருந்தால் மேலே நல்ல பூச்சு ஒன்றைப் பூசி மூடிவிடுங்கள்.

கேள்வி: நூலகத்தில் அட்டை வைக்கும் குட்டிக் குட்டி டிராயர் அலமாரி ஒன்று ஏலத்தில் வருகிறது. அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் டிராயர் அடுக்கும் வருகிறது. இரண்டும் கொள்ளை அழகு. எதை எடுக்கலாம்?
– கைவினைப் பொருள் செய்யும் வாசகி

பதில்: உங்கள் வேலைக்கு இரண்டுமே தோதுதான், ஆனால் அளவைத் தெரிந்துகொண்டு போங்கள். நூலக அட்டை ஏறத்தாழ 12.5க்கு 7.5 சென்டிமீட்டர், டிராயர் அந்த அட்டைக்காகவே செய்தது, அகலம் கம்மி, ஆழம் உள்வாட்டத்தில் நீளம். நூல் கண்டு, பொத்தான், விதைப் பொட்டலம், சின்னக் கருவிகள் எல்லாம் ஜோராக உட்காரும். கத்தரிக்கோல் மாட்டிக்கொள்ளும். டிராயருக்கு நடுவில் அட்டைகளைக் கோத்துப் பிடிக்க ஒரு கம்பி ஓடும், வாங்கியதும் அதைக் கழற்றி எறிந்துவிடாமல் பத்திரமாக எடுத்து வையுங்கள், முகப்பில் இருக்கும் பித்தளைப் பெயர்ச்சட்டத்தையும்தான், அவை இருந்தால்தான் மதிப்பு. இவை இப்போது இவ்வளவு சந்தைக்கு வரக் காரணம், நூலகங்கள் கணினிக்கு மாறியதுதான். அமெரிக்காவிலிருந்து உலகம் முழுக்க நூலகங்களுக்கு அட்டை அச்சடித்துக் கொடுத்துவந்த ஓசிஎல்சி அமைப்பே 2015 அக்டோபரில் அச்சடிப்பதை நிறுத்திவிட்டது.

அச்சக டிராயர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அச்செழுத்து ஈயக் கலவை. பல பத்தாண்டுகள் அது உரசி உரசி, அறைகளின் மூலையெல்லாம் சாம்பல் நிறத் தூள் தங்கியிருக்கும், அதில் ஈயம் உண்டு. துடைப்பம் போட்டுத் தட்டாதீர்கள், வாயால் ஊதாதீர்கள், கையுறையும் முகமூடியும் போட்டு ஈரத் துணியால் பல தடவை துடைத்து, அந்தத் துணியைத் தூக்கி எறிந்துவிடுங்கள், உள்ளே அரக்குப் பூச்சு ஒன்று கொடுத்துவிடுவதும் நல்லது. அதற்கு அப்புறமும் அதில் தின்பண்டமோ குழந்தை விளையாட்டுச் சாமானோ வேண்டாம். பூச்சி, பறவை மாதிரிகள் வைத்திருந்த அருங்காட்சியகப் பெட்டிகளும் இதே ரகம்தான், அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்செனிக், பாதரச உப்பெல்லாம் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் நூலக அலமாரிதான்.

கேள்வி: அலமாரியைத் திறந்தாலே பழைய நெடி. துணி வைத்தால் துணியும் நாறுகிறது.
– மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதும் வாசகர்

பதில்: எந்த நெடி என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஈர நெடியும் வெள்ளைப் பூத்த புள்ளிகளும் இருந்தால் பூஞ்சை, டிராயர்களை எல்லாம் உருவிக் காற்றோட்டமான நிழலில் நாள் கணக்கில் உலர விட வேண்டும், சுட்டெரிக்கும் வெயிலில் வைத்தால் பலகை வெடிக்கும். காய்ந்ததும் முகமூடி போட்டுக்கொண்டு உறிஞ்சி எடுங்கள், பிறகு ஸ்பிரிட் நனைத்த துணியால் உட்புற வெறும் மரத்தைத் துடையுங்கள், பாலிஷ் மேல் படாமல். ரசகற்பூர உருண்டை நெடி என்றால் மரத்துக்குள்ளேயே ஊறியிருக்கும், காற்றோட்டத்திலும் கரித்துண்டிலும் குறையும், முழுசாகப் போக நாளாகும். எதற்கும் மசியாத நெடிக்கு ஒரே வழி, உட்புறம் முழுக்க மெழுகு நீக்கிய அரக்கை இரண்டு கை பூசி அடைத்துவிடுவது.

வாசனைத் திரவியம் தெளித்துக் கொடுக்கும் பெட்டியை நான் வாங்க மாட்டேன். பட்டு, வெள்ளி, பழைய புகைப்படம் வைப்பதாக இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள், மரம், அதிலும் ஓக் மரம், எவ்வளவு வயதானாலும் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும், தாள் மஞ்சளாகும். அமிலமில்லாத தாளில் சுற்றி வையுங்கள்.

கேள்வி: உயரமான டிராயர் பெட்டி, வீட்டில் மூன்று வயது வால் ஒன்று ஏறி விளையாடுகிறது. பழைய காலத்துக் கனமான பெட்டி, சாயாதுதானே?
– இரு பிள்ளைகளின் தாய்

பதில்: சாயும் அம்மா. கனம்தான் ஆபத்தே. எல்லா டிராயரையும் ஒரே நேரத்தில் இழுத்து, கீழ் டிராயரைப் படியாக்கி ஏறினால் எடையெல்லாம் முன்பக்கம் வந்துவிடும். இன்றைக்கே சுவரோடு பிணையுங்கள், மேல்பகுதியில் இரண்டு இடத்தில், பின்பலகையில் அல்ல, அது மெல்லியது, பிய்த்துக்கொண்டு வரும். உடம்புச் சட்டத்தில் திருகாணி இறங்க வேண்டும். பெட்டியில் துளை போட மனசு வரவில்லை என்றால், எந்தப் பெட்டியின் மதிப்பையும் விடக் குழந்தை பெரிது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 2023 செப்டம்பரிலிருந்து செய்யப்படும் துணிப் பெட்டிகள் சாயுமா என்ற கட்டாயச் சோதனையில் தேற வேண்டும், உங்கள் பெட்டி அப்படி எந்தச் சோதனையையும் பார்த்ததில்லை.

கனமான துணிகள் கீழ் டிராயரில் இருக்கட்டும். பெட்டியின் தலையில் பொம்மை, ரிமோட் எதுவும் வேண்டாம், அதற்காகத்தான் ஏறுவார்கள். கண்ணாடிக் கதவு இருந்தால் அது உடைந்தால் ஈட்டியாகச் சிதறும் பழைய கண்ணாடி, உட்புறம் பாதுகாப்புப் படலம் ஒட்டுங்கள். மூடி தானாகப் பூட்டிக்கொள்ளும் பழைய பெட்டகம் ஏதாவது இருந்தால் அந்தப் பூட்டின் நாக்கை இன்றே கழற்றிவிடுங்கள். உள்ளே ஒளிந்து விளையாடும் குழந்தையால் வெளியே வர முடியாது.

கேள்வி: பழைய துணி பீரோவில் ஹேங்கர் மாட்டினால் கதவு மூட மாட்டேன் என்கிறது. டிவி அலமாரியாக மாற்றிப் பின்னால் ஒயருக்கு ஓட்டை போடலாமா?
– அவசரப்படும் வாசகர்

பதில்: ஹேங்கருக்கு உள் ஆழம் 55 சென்டிமீட்டராவது வேண்டும், கொக்கியில் மாட்டும் காலத்து பீரோ பலவற்றில் நாற்பது சொச்சம்தான் இருக்கும். முன்னிருந்து பின்னாகக் குட்டையான கம்பி ஒன்றைப் போட்டு, துணியை முகம் காட்டும்படி மாட்டலாம், அல்லது தட்டுகள் போட்டு மடித்து வைக்கலாம். ஓட்டை விஷயத்தில், பின்பலகை பிற்காலத்தில் மாற்றிய பிளைவுட் என்றால் தாராளமாகப் போடுங்கள். அசல் பலகை என்றால் ஒரே ஒரு பலகையை மட்டும் ஆணி உருவிக் கழற்றி, அதன் இடத்தில் வேறொரு பலகை வைத்து அதில் ஓட்டை போடுங்கள். கழற்றியதன் முதுகில் எந்த இடத்துப் பலகை என்று பென்சிலால் எழுதி, பீரோவின் தலையிலேயே போட்டு வையுங்கள்.

கேள்வி: டிராயர் சிக்குகிறது. சாவியும் இல்லை.
– சுருக்கமான வாசகர்

பதில்: அடிவிளிம்பிலும் ஓடுதடத்திலும் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள், எண்ணெய் வேண்டாம். மழைக்காலத்தில் மட்டும் சிக்கினால் இழைப்புளியைத் தொடாதீர்கள், கோடையில் தானே சரியாகிவிடும், இப்போது இழைத்தால் அப்போது லொடலொடக்கும். சாவிக்கு, அதே பெட்டியின் வேறு டிராயர் சாவியை முதலில் போட்டுப் பாருங்கள், ஒரே சாவி எல்லாவற்றுக்கும் சேர்வது சகஜம். நெம்ப மட்டும் வேண்டாம்.

கேள்வி: நேரில் போக முடியாத தூரம், வேறு நாடு. படத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். என்னென்ன கேட்பது?
– வெளிநாட்டில் இருக்கும் வாசகர்

பதில்: முகப்புப் படத்தை அவர்களே பத்துப் பன்னிரண்டு அனுப்புவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது முதுகு முழுசாக ஒரு படம், உருவிய டிராயர் ஒன்றின் மூலை மூட்டு மிக அருகில், அதே டிராயரைக் கவிழ்த்து ஒன்று, நான்கு காலின் அடி, கீல் ஒன்றைத் திருகாணியோடு. குமிழும் கீலும் பித்தளை என்று சொன்னால் காந்தம் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், ஒட்டினால் இரும்பு மேல் முலாம். பிறகு அளவு: உயரம், அகலம், ஆழம் மட்டும் போதாது, பிரித்தால் எத்தனை துண்டு, மிகப் பெரிய துண்டின் மூலைக்கு மூலை அளவு என்ன என்று கேட்டு, உங்கள் வீட்டு வாசல், மாடிப்படித் திருப்பம், லிஃப்ட் கதவு மூன்றையும் அளந்து பாருங்கள்.

வேறு நாடு என்றால் மரத்தின் பெயரை எழுத்தில் வாங்குங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது, ஈட்டி மரம் உட்பட அதே பேரினத்து (டால்பெர்ஜியா) மற்ற மரங்கள் எல்லாம் 2017 ஜனவரியில் இரண்டாம் பட்டியலுக்குள் வந்துவிட்டன. பழம்பொருளுக்கு விலக்கு உண்டுதான், ஆனால் வயதைக் காட்டும் காகிதம் இல்லாமல் சுங்கத்தில் மாட்டினால் பெட்டி அங்கேயே நின்றுவிடும். தந்தம் பதித்த வேலைப்பாடு என்றால் இன்னும் கெடுபிடி, பல நாடுகளில் உள்ளே விடவே மாட்டார்கள். இதையெல்லாம் கேட்ட பிறகு முதுகுப் படம் மட்டும் வராமல், "ரொம்ப நல்ல பெட்டி சார், நம்பி வாங்குங்க" என்று பதில் வந்தால் அடுத்த பெட்டியைப் பார்க்கப் போய்விடுங்கள்.